கணினி வாத்தியாரின் ஊகம்: அடாப்டிவ் லேர்னிங் உள்ளே என்ன நடக்கிறது?

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் போட்ட கணக்குகள் என்று இவற்றை வைத்துக்கொள்வோம்.

52 − 27 = 35
83 − 46 = 43
60 − 24 = 44
65 − 32 = 33

நான்கில் மூன்று தப்பு. நோட்டில் மூன்று பெருக்கல் குறி விழும், நாலுக்கு ஒன்று மார்க், கீழே சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று ஒரு வரி. ஆனால் பையன் படு கவனமாகத்தான் போட்டிருக்கிறான். அவனிடம் ஒரு விதி இருக்கிறது: மேலே கீழே எது இருந்தாலும், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி. 2-இல் 7 போகாதா, சரி, 7-இல் 2 போனால் 5. பக்கத்து வீட்டில் கடன் வாங்கும் வழக்கமே அவன் ஊரில் கிடையாது. நான்காவது கணக்குச் சரியாக வந்ததும் அதே விதியால்தான், ஏனென்றால் அதில் கடன் வாங்கத் தேவையே இல்லை. அவனுடைய சரியான விடைக்குள்ளும் அதே தப்பு உட்கார்ந்திருக்கிறது.

டியூஷன் எடுத்த யாரும் இதை நோட்டைப் பார்த்த அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், கட்டுக்கட்டாக நோட்டுத் திருத்தும் ஆசிரியருக்கு அந்த அரை நிமிடம் கிடைக்காது. அந்த அரை நிமிட வேலையைக் கணினியிடம் கொடுக்க முடியுமா என்ற கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் சுமார் அரை நூற்றாண்டாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘அடாப்டிவ் லேர்னிங்’, ‘பெர்சனலைஸ்டு லேர்னிங்’ என்று இன்று கல்வி ஆப் விளம்பரங்களில் ஓடும் சொற்களுக்கு வேர் அங்கே இருக்கிறது. தமிழில் தகவமைப்புக் கற்றல் என்று எழுதுகிறார்கள். பாடம் மாணவருக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்வது என்று புரிந்துகொண்டால் போதும்.

மேலே சொன்ன கழித்தல் தப்பையே 1978-இல் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். குழந்தைகளின் தப்புகள் கண்டபடி வருவதில்லை, கணினி நிரலில் இருக்கும் ‘பக்’ (நிரல் பிழை) போல ஒழுங்காக, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகின்றன என்பது அவர்கள் கண்டது. இதை வைத்து ஒரு விளையாட்டையும் செய்தார்கள். கணினி, ஒரு குறிப்பிட்ட தப்புள்ள மாணவனாக நடிக்கும். ஆசிரியப் பயிற்சி பெறுபவர் கேள்வி கேட்டுக் கேட்டு அது என்ன தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். விளையாட்டின் பெயர் பக்கி. நம் ஊர் வசவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேகம் மட்டும் போதும் என்று நினைத்த காலம்

இதற்கு முன்பே எந்திரங்கள் இருந்தன. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிட்னி பிரெஸ்ஸி 1920-களிலேயே கேள்வி கேட்டு, பொத்தானை அழுத்தினால் சரியா தப்பா என்று காட்டும் ஒரு பெட்டியைச் செய்திருந்தார். 1953-இல் உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்தார். முடித்துவிட்ட பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், முடியாதவர்கள் திணறுகிறார்கள், போட்டது சரியா என்பது யாருக்கும் உடனே தெரிவதில்லை. இதைப் பார்த்துவிட்டு வந்து அவர் தன் கற்பிக்கும் எந்திரத்தைச் செய்தார். அதில் ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் போகலாம். ஆனால் பாதை எல்லோருக்கும் ஒன்றே. பேருந்தை மெதுவாகவோ வேகமாகவோ ஓட்டலாம், வேறு தெருவில் திருப்ப முடியாது. இன்றும் பல ஆப்கள் ‘உங்கள் வேகத்தில் படியுங்கள்’ என்பதைத்தான் தனிப்பயன் என்று விற்கின்றன. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிவது நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கணினி உங்களைப் பற்றி எதையும் ஊகிக்கவில்லை.

ஊகிப்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. ஒரு மாணவரின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று எந்தக் கணினியாலும் பார்க்க முடியாது. அதன் கண்ணில் படுவது விடை, எடுத்துக்கொண்ட நேரம், குறிப்பு கேட்ட எண்ணிக்கை, அவ்வளவுதான். இந்தத் தடயங்களை வைத்து ‘இவருக்கு இது தெரிந்திருக்குமா’ என்று ஊகித்து, அடுத்து எதைக் காட்டலாம் என்று முடிவெடுக்க வேண்டும்.

ஊகத்தைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம்

ஊகிக்கும் முறைகளில் மிகப் புகழ்பெற்றது நாலெட்ஜ் டிரேசிங். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1995-இல் எழுதியது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு நிகழ்தகவு போதும்.

இதற்கு நான்கு எண்கள் வேண்டும். முதல் எண், பாடம் தொடங்கும்போதே மாணவருக்கு அந்தத் திறன் தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு. இரண்டாவது, தெரியாமலேயே இங்கி பிங்கி பாங்கி போட்டுச் சரியான விடையைத் தொட எவ்வளவு வாய்ப்பு. மூன்றாவது, தெரிந்திருந்தும் கைத்தவறாகத் தப்புப் போட எவ்வளவு வாய்ப்பு. நான்காவது, ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் புதிதாகக் கற்றுக்கொண்டுவிட எவ்வளவு வாய்ப்பு.

உதாரணத்துக்கு நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். தொடக்கத்தில் தெரிந்திருக்க 40 சதவீதம். குருட்டாம்போக்கில் சரியாக வர 20. கைத்தவறு 10. ஒவ்வொரு கணக்கிலும் கற்றுக்கொள்ள 20.

இப்போது இந்த மாணவரைப் போன்ற 100 பேர் ஒரு கணக்கைப் போடுகிறார்கள். 40 பேருக்குத் தெரியும். அவர்களில் 4 பேர் கைத்தவறு செய்ய, 36 பேர் சரியாகப் போடுகிறார்கள். மீதி 60 பேருக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களில் 12 பேருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது. ஆக மொத்தம் 48 பேர் சரி, அதில் உண்மையிலேயே தெரிந்தவர் 36. 36-ஐ 48-ஆல் வகுத்தால் 75 சதவீதம். நம் மாணவர் சரியாகப் போட்டிருந்தால், அவருக்குத் தெரியும் என்ற ஊகம் 40-இலிருந்து 75-க்கு ஏறுகிறது. இந்தக் கணக்கைப் போட்டதிலேயே கொஞ்சம் கற்றிருக்கலாம் அல்லவா, மிச்சமுள்ள 25-இல் ஐந்தில் ஒரு பங்கான 5-ஐச் சேர்த்தால் 80.

அடுத்த கணக்கும் சரி என்றால் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். 80 பேரில் 72 பேர் சரி, தெரியாத 20 பேரில் 4 பேர் சரி. 76-இல் 72 என்றால் ஏறக்குறைய 95. கற்றலைச் சேர்த்தால் 96. கார்பெட்டும் ஆண்டர்சனும் வைத்திருந்த எல்லைக்கோடு 95 சதவீதம். அதைத் தாண்டினால் ‘இந்தத் திறன் கைவந்துவிட்டது’ என்று கருதி அடுத்த திறனுக்கு நகர்த்திவிடுவார்கள்.

இரண்டாவது கணக்குத் தப்பானால்? தெரிந்த 80 பேரில் 8 பேர் கைத்தவறு, தெரியாத 20 பேரில் 16 பேர் தப்பு. 24-இல் 8, அதாவது 33. கற்றலைச் சேர்த்து 47. ஒரே தப்பில் 80-இலிருந்து 47-க்குச் சரிவு. கொஞ்சம் கொடூரமாகத் தெரிந்தாலும், நான் போட்ட எண்களில் கைத்தவறுக்கு 10 சதவீதம்தான் இடம் கொடுத்திருக்கிறேன், அதனால் கணினி அந்தத் தப்பை ‘சரி, கை தவறியிருக்கும்’ என்று சுலபமாக விடுவதில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த நான்கு எண்களும் பொதுவாக முன்பு படித்த மாணவர்களின் தரவிலிருந்து வருபவை. ‘உங்களுக்கே உங்களுக்கு’ என்று சொல்லும் கணினி, உண்மையில் உங்களைப் போன்ற ஒரு கூட்டத்தை வைத்துத்தான் உங்களை ஊகிக்கிறது. இன்னொன்று, ‘திறன்’ என்று எதைப் பிரித்து வைக்கிறோம் என்பது. கழித்தல் என்று ஒரே திறனாக வைத்தால், நம் பையனின் நான்கு விடைகளும் கணினிக்கு வெறும் தப்பு, தப்பு, தப்பு, சரி. கடைசியில் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது என்று அது ஏமாந்தும் போகலாம். கடன் வாங்காத கழித்தல், கடன் வாங்கும் கழித்தல், பூஜ்ஜியம் இருக்கும்போது கடன் வாங்குவது என்று பிரித்து வைத்தால்தான் தப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். இப்படிப் பிரிக்கும் வேலையை வகுப்பறையில் நின்ற அனுபவமுள்ளவர்கள் செய்ய வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் யாரும் காட்டாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடித்தளமான வேலை அது.

மாணவருக்கும் கேள்விக்கும் செஸ்

வேறொரு வழியும் இருக்கிறது. செஸ் தெரிந்த வீடுகளில் ஈலோ ரேட்டிங்கை விளக்க வேண்டியதில்லை. பலசாலியை ஜெயித்தால் புள்ளி நிறைய ஏறும், நோஞ்சானிடம் தோற்றால் நிறைய இறங்கும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே கணக்குப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். 2011-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் விவரம் இருக்கிறது. பலகையின் ஒரு பக்கம் மாணவர், எதிர்ப்பக்கம் கேள்வி. சரியாகப் போட்டால் மாணவர் ஜெயித்தார், தப்பானால் கேள்வி ஜெயித்தது. இருவரின் புள்ளியும் மாறும். எந்தக் கேள்வி கடினம் என்று நிபுணர்கள் கூடி முடிவெடுக்கத் தேவையில்லை, நிறையப் பிள்ளைகளைத் தோற்கடித்த கேள்வி தானாகவே மேலே ஏறிவிடும். விடை சொல்ல எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்தார்கள்.

அடுத்து எந்தக் கேள்வியைக் கொடுப்பது? அவர்கள் வைத்த இலக்கு, குழந்தை நாலில் மூன்றைச் சரியாகப் போடும் அளவுக்குக் கடினமானது. தேர்வு நடத்துபவரின் கணக்குப்படி பார்த்தால் பாதிக்குப் பாதி சரி, பாதி தப்பு என்று வரும் கேள்விதான் அதிகத் தகவல் தரும். ஆனால் பாதியைத் தப்பாகப் போடும் குழந்தை நாளைக்குத் திரும்ப வந்து உட்காராது. அளப்பது துல்லியமாக இருக்க வேண்டுமா, பிள்ளை ஓடிப்போகாமல் இருக்க வேண்டுமா என்ற இழுபறியில் 75 சதவீதம் ஒரு சமரசம்.

நிறையத் தரவிலிருந்து தானாகவே ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் அலையும் இங்கே அடித்தது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ் பீச்சும் கூட்டாளிகளும் ‘டீப் நாலெட்ஜ் டிரேசிங்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து, பழைய முறையைவிட எங்கேயோ துல்லியம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, பழைய முறைக்குச் சில விரிவுகளைச் சேர்த்தால் அதுவும் ஏறக்குறைய அதே துல்லியத்தை எட்டுகிறது என்று எழுதியது. சோதிக்கப் பயன்பட்ட தரவுத்தொகுப்பு ஒன்றில் பதிவுகள் இரட்டிப்பாகி இருந்ததையும் வேறு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். புது முறைகள் தொடர்ந்து வருகின்றன. ஆனால் 1995-இன் நான்கு எண்களைத் தூக்கிப் போட்டுவிட முடியவில்லை. அதற்கு இன்னொரு காரணம், ‘இந்த மாணவருக்கு ஏன் இந்தக் கணக்கைக் கொடுத்தாய்’ என்று ஆசிரியர் கேட்டால் பழைய முறையில் பதில் சொல்லலாம்.

பிள்ளைகள் கணினியை ஏமாற்றுவது

ஊகம் தடயங்களை நம்பியிருப்பதால், தடயங்களைக் கலைக்கும் வழியையும் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள். ரையன் பேக்கர் என்ற ஆய்வாளரும் அவருடைய கார்னகி மெலன் கூட்டாளிகளும் வகுப்பறையில் உட்கார்ந்து மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, 2004-இல் வெளியிட்டார்கள். சிலர் குறிப்புப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள், கடைசிக் குறிப்பில் விடையே வந்துவிடும். சிலர் 1, 2, 3, 4 என்று வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள். ‘சிஸ்டத்தோடு விளையாடுவது’ என்ற பொருளில் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். சுவாரசியம் என்னவென்றால், பக்கத்துப் பையனோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களைவிட, இப்படி விளையாடியவர்களின் கற்றல்தான் கூடுதலாகப் பின்தங்கியிருந்தது. அரட்டை அடிப்பவன் திரும்பி வந்து கணக்குப் போடுவான். விளையாடுபவனோ கணக்குப் போடாமலேயே போட்டதாகக் கணக்குக் காட்டுகிறான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் குழந்தை பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா என்று அறிந்து அதற்கேற்ப’ என்று ஒரு ஆப் சொன்னால் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஹெரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் இது பற்றிய ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று முடிவு சொன்னார்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதற்கேற்ப மாற்றுவது வேறு சங்கதி. இந்தக் கட்டுரை முழுக்கப் பேசுவது அதைத்தான்.

சரி, பிள்ளைகள் படிக்கிறார்களா?

இந்தத் துறையில் யார் பேசினாலும் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமில் தொடங்குவார்கள். 1984-இல் அவர் எழுதிய கட்டுரை, தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரைவிட மேலே இருந்தார் என்றது. புள்ளியியல் மொழியில் 2 சிக்மா. சிக்மா என்பது திட்டவிலக்கம், மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு. எல்லோருக்கும் தனி வாத்தியார் வைக்க எந்த நாட்டிடமும் பணமில்லை, அதே பலனைக் குறைந்த செலவில் எப்படிக் கொண்டுவருவது என்பது அவர் போட்ட சவால். ஆனால் அவர் ஆதாரமாகக் காட்டியது முக்கியமாகத் தன் இரண்டு முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வுகளை. அந்தத் தனிப்பயிற்சியில் ‘சோதி, தப்பைத் திருத்து, மறுபடி சோதி’ என்ற முறையும் சேர்ந்திருந்தது. அந்த முறையை வகுப்பில் கையாண்டதே 1 சிக்மா கொடுத்ததாக அவரே எழுதுகிறார். கல்வி நிறுவனங்களின் விளம்பரங்களில் 2 சிக்மா மட்டும் வரும், இது வராது.

2011-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது மனித ஆசிரியரின் தனிப்பயிற்சிக்குக் கிடைத்தது 0.79 சிக்மா. ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் கணினிக்கு 0.76. இறுதி விடையை மட்டும் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்லும் கணினிக்கு ஏறக்குறைய 0.3. நம் பையனின் நோட்டை நினைத்துப் பாருங்கள். விடையைப் பார்ப்பவருக்கு மூன்று பெருக்கல் குறி தெரியும், படியைப் பார்ப்பவருக்குக் கடன் வாங்காதது தெரியும்.

ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தால் எண்கள் சிறுத்துவிடும். கார்னகி மெலனில் பிறந்த காக்னிடிவ் டியூட்டர் என்ற இயற்கணித மென்பொருளை, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவின் 7 மாநிலங்களில் 147 பள்ளிகளில் சோதித்தது. முதல் ஆண்டில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிகளில் 0.2 சிக்மா ஏற்றம். அதே மென்பொருள்தான். ஆசிரியர்கள் அதோடு பழகியது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தியாவிலிருந்து ஒரு ஆய்வு உலக அளவில் பேசப்படுகிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 2015-இல் டெல்லியில் நடத்தி, 2019-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற பொருளாதார ஆய்விதழில் வெளியிட்டது. நடுநிலை வகுப்புகளில் படிக்கும் 619 பேர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு, மைண்ட்ஸ்பார்க் என்ற தகவமைப்புக் கற்றல் மென்பொருளை வைத்து, பள்ளி முடிந்தபின் நடக்கும் மையத்தில் இலவச இடம். ஒரு நாளைக்கு 90 நிமிடம், அதில் பாதி நேரம் கணினி, பாதி நேரம் சின்னக் குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு.

முதல் தேர்விலேயே ஒரு விஷயம் முகத்தில் அறைந்தது. ஆறாம் வகுப்பின் சராசரி மாணவர் கணக்கில் இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார். மேல் வகுப்புகளுக்குப் போகப் போக அந்த இடைவெளி அகலமாகிக்கொண்டே போனது. ஆசிரியர் கையில் இருப்பது ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகம், எதிரே இருப்பவர்களில் பலர் நிற்பது மூன்றிலும் நான்கிலும். மென்பொருள் செய்தது பெரிய மாயமொன்றுமில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பு நிலையில் இருந்தால், யாரும் சிரிக்காதபடி அங்கிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில் இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்களைவிடக் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 சிக்மா கூடுதலாக முன்னேறினார்கள். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களில் மிகவும் பின்தங்கிய மூன்றில் ஒரு பங்கினரோ, அதே நாலரை மாதம் பள்ளிக்குப் போயும் கணக்கில் அளக்கும்படி எதுவும் முன்னேறவில்லை.

இந்தப் பலனில் கணினிக்கு எவ்வளவு, அந்த உதவி ஆசிரியருக்கு எவ்வளவு என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்த்தே கொடுக்கப்பட்டன.

பள்ளி நடத்திய தேர்வுகளையும் பார்த்தார்கள். இந்தியில் ஏற்றம் தெரிந்தது, கணக்கு மதிப்பெண்ணில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து நான்காம் வகுப்பு நிலைக்கு ஏறிய ஒரு மாணவிக்கு, பள்ளியின் ஏழாம் வகுப்பு வினாத்தாளில் அதைப் போட்டுக் காட்ட ஒரு கேள்வியும் இருந்திருக்காது.